நூற்றுப் பதினெட்டு கிராம்

நான் எழுதிய எண் சரியானதுதான். விசாரணைக்கு வந்த மூன்று பேரும் என் தராசைத் திருப்பித் திருப்பிச் சோதித்துவிட்டு, எடைப் பிரிவில் குறையில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்காததையும் நான் சொல்லாததையும் இங்கே சொல்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். இருக்கட்டும். அந்த நீள வாய்க்காரி ஒரு காலை நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் வந்த வினை இது.

எங்கள் மின்நிலையத்தில் நிலக்கரியும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. இருப்பதெல்லாம் மணி. மிளகு அளவு, அழுக்கு வெள்ளை, உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். கிழக்கு வரிசையில் பத்துத் தொட்டிகள் நிறைய இந்த மணிதான். பகலெல்லாம் வெயிலில் சூடேறிய எண்ணெயைச் சுற்றவிட்டு அதைக் காய வைப்போம். சாயங்காலம் ஊரே ஒன்றாக விளக்குப் போடும்போது, காய்ந்த மணிக்கு நீராவியைக் காட்டுவோம். குடிக்கும், குடிக்கக் குடிக்கக் கொதிக்கும். வெந்நீர்ப் பானை வைத்தால் விடிவதற்குள் ஆறிவிடும். மணி ஆறாது. ஆறு மாதம் கழித்து ஆவியைக் காட்டினாலும் அன்றைய வெயிலை அப்படியே கக்கும்.

மேற்கு வரிசையிலும் அதே மணிதான், ஆனால் அங்கே அது குடிப்பது கரியமில வாயுவை. அழுத்தத்தை இறக்கினால் வாயு மணியை விட்டு வெளியேறும், போகும்போது சூட்டையும் பிடுங்கிக்கொண்டு போகும், தொட்டி உறைந்துவிடும். கிழக்கே சூடு, மேற்கே குளிர், நடுவில் சக்கரம். ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிரக் குளிரச் சக்கரம் சுற்றும், மின்சாரம் வரும். இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அங்கேதான் நான். தொட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு டப்பா மணி மூடிபோட்டு என்னிடம் வரும். எடை போடுவேன், அடுப்பில் வைத்து நன்றாக வறட்டுவேன், மறுபடி எடை போடுவேன். காய்ந்தால் நூறு கிராம் இருக்கும் மணி இப்போது எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். நூறு என்றால் பட்டினி. நூற்றிருபது என்றால் வயிறு முட்டக் குடித்திருக்கிறது. எதைக் குடித்தது என்று தராசுக்குத் தெரியாது, எவ்வளவு என்றுதான் தெரியும்.

இதில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கிழக்கு வரிசையில் பட்டினி மணிதான் பயம். வியர்த்த கையோடு அதை அள்ளினால் தோல் வெந்துவிடும். அதனால் அங்கே தொட்டியைத் திறக்கும் முன் மணிக்குத் தண்ணீர் காட்டி நிறைத்துவிடுவார்கள். சீட்டில் நூற்றுப் பதினைந்துக்கு மேல் வந்தால் ‘தூங்குது’ என்பார்கள். அப்புறம் அதன் மேல் நடக்கலாம், உட்காரலாம், தூசி பறக்காமல் இருக்கக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கலாம். ஒன்றும் செய்யாது. மேற்கில் எல்லாம் தலைகீழ். அங்கே நூற்றுமூன்றுக்குக் கீழே வந்தால்தான் திறக்கலாம். கூடுதலாக இருந்தால் உள்ளே வாயு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மணியின் மேல் தண்ணீர் பட்டால் போதும், அதுவரை கட்டிப்பிடித்திருந்த வாயுவை ஒரே உதறாக உதறிவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மணிக்குத் தண்ணீர் மேல் அப்படி ஒரு மோகம். உதறிய வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

ஒரே எண்தான். கிழக்கில் அது தாலாட்டு, மேற்கில் சாவு. இதை எந்தப் பலகையிலும் யாரும் எழுதி வைத்ததில்லை. மேற்கு வரிசையைப் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி அண்ணனுக்கு எல்லாம் மனப்பாடம். அப்படியும் சீட்டு அனுப்பிவிட்டு அவருக்கு ஒரு போன் போடுவேன். “அண்ணே, இன்னும் இருக்கு, திறக்காதீங்க” என்பேன். “சரிம்மா” என்பார். விதியில் அந்தப் போன் கிடையாது. வழக்கத்தில்தான் இருந்தது.

அந்த வாரம் அவர் குடலிறக்க அறுவைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் இடத்துக்குக் கிழக்கு வரிசையிலிருந்து பாப்பாவைக் கொண்டுவந்து போட்டார்கள்.

பாப்பா என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைக்க வேண்டாம். நாற்பத்திரண்டு வயது, எண்பது கிலோ, ஒற்றைக் கையால் மணி மூட்டையை நகர்த்துவாள். வீட்டில் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர், வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டது. என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எட்டு மாதமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியதும் நான், கழிப்பறைக்குத் தூக்கியதும் நான். இவள் ஞாயிற்றுக்கிழமை வருவாள், தலை வாரிவிடுவாள், போவாள். ஒரு ஞாயிறு, வந்திருந்த உறவுக்காரர்கள் காதில் விழும்படி, “அண்ணிக்கு எடை பாக்கத்தான் தெரியும், ஆளைப் பாக்கத் தெரியாது, அம்மா எவ்வளவு எளச்சிட்டாங்க பாருங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. “பாக்கத் தெரிஞ்சவங்க கூட்டிட்டுப் போய் வெச்சுக்கலாமே” என்றேன். அன்று மாலையே வண்டி வைத்து அழைத்துப் போய்விட்டாள். மூன்றாவது மாதம், இவள் மாடிக் கொடியில் துணி காயப்போடப் போன ஐந்து நிமிஷத்தில் கிழவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. சவம் எடுத்த அன்றும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம்தான் நின்றோம். “அந்த அஞ்சு நிமிஷத்தைப் பத்தி மட்டும் யாரும் வாயே திறக்கக் கூடாது” என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். திறக்கவில்லை. ஆனால் நினைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

வேலையிடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனவர் மெதுவாண்ணன். யாரைப் பார்த்தாலும் “மெதுவா, மெதுவா” என்பதால் அந்தப் பெயர். ஐம்பதைத் தாண்டியவர். குழாய் பிடிப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் அவர் வேலை. பாப்பா எங்கே மாறினாலும் அவரையும் கூட்டிக்கொண்டு போவாள். “அந்தம்மாகிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க” என்று அவள் சொல்வாள். “அவங்ககிட்ட டப்பாவைக் கழுவிக் குடுக்கச் சொல்லுங்க” என்று நான் சொல்வேன். இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருப்போம். அவர் பாவம், நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வார். நாங்கள் குரலை உயர்த்தினால் மட்டும் காலணிக் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார்.

அன்றைக்கு ஏழாம் தொட்டி. மேற்கு வரிசை. மணி தேய்ந்து தூளாகிவிட்டது, முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முந்தைய நாள் முழுக்க பம்பு வைத்து வாயுவை உறிஞ்சியாகிவிட்டது என்று சொன்னார்கள். காலை எட்டேகாலுக்குத் தொட்டியின் அடிக் கதவில் மீட்டரை வைத்துப் பார்த்து, காற்று சுத்தம் என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மீட்டர் பொய் சொல்லவில்லை. மணிகளுக்கு நடுவில் இருந்த காற்று சுத்தம்தான். மணிக்குள் இருப்பதை மீட்டர் எப்படிப் பார்க்கும்?

டப்பா என்னிடம் வந்தது. கையில் வாங்கும்போதே கனம் தெரிந்தது. பதினொரு வருஷக் கை. வறட்டி எடை போட்டேன். நூற்றுப் பதினெட்டு. இன்னொரு தடவை போட்டேன். நூற்றுப் பதினெட்டு. பம்பு ஓடவே இல்லை, அல்லது பாதியில் நின்றிருக்கிறது. இருபது டன் மணி, அதற்குள் மூன்று டன் வாயு.

என் கை போனுக்குப் போனது. சத்தியமாகப் போனது. போனை எடுத்தால் எதிர்ப்பக்கம் பாப்பாவின் குரல் வரும். அதுதான் யோசனை. எட்டு மாதம் கழித்து நான் வலியப் போய்ப் பேசுவதா? பேசினால் என்ன சொல்வாள்? “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாங்களாக்கும், அவங்களே போன் பண்ணிச் சொல்றாங்க” என்று கேன்டீன் முழுக்கச் சொல்லுவாள். பெரிய மேஸ்திரி ஆகிவிட்டாளே, தெரியாமலா இருக்கும்? தெரியாவிட்டால் வந்து கேட்கட்டும். என் வாசலில் வந்து நின்று, “அண்ணி, இது என்ன?” என்று ஒரு தடவை கேட்கட்டும். அதற்காக நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அதை நினைத்தபோது சுகமாக இருந்தது.

சீட்டில் தொட்டி ஏழு என்று எழுதி, பக்கத்தில் எண்ணை எழுதினேன். மெதுவாண்ணன் வாங்க வந்தார்.

“என்ன தங்கச்சி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

சீட்டைப் பார்த்தார். “இதோட வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

“எண்ணு போதும்.”

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா எனக்கு நடை மிச்சம்” என்று சிரித்துவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒன்பது மணி ஆனது. ஒன்பதரை. வாசலைப் பார்த்துக்கொண்டே வேறு டப்பாக்களை எடை போட்டேன். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். வேறு யாராவது வந்து போனார்கள். பத்து மணிக்குத் தேநீர் வந்தது, குடித்தேன். ஒருவேளை அவளே புரிந்துகொண்டு பம்பை மறுபடி ஓடவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பத்தே முக்கால் இருக்கும். வாஷ்பேசினில் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் திடீரென்று நூலாக இளைத்தது. எங்கள் அறைக்கும் வரிசைகளுக்கும் ஒரே குழாய்தான். எங்காவது பெரிய குழாயைத் திறந்தால் எனக்கு இப்படி இளைக்கும். கிழக்கு வரிசையில் யாரோ தூசிக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிழக்கில் ஒருவரும் இல்லை. அன்றைக்குக் கிழக்கில் எந்தத் தொட்டியும் திறக்கவில்லை.

மேற்கில் தண்ணீருக்கு என்ன வேலை?

டப்பா கையிலிருந்து விழுந்தது. அவள் வந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. இருபது வருஷம் கிழக்கில் வேலை பார்த்தவள் நூற்றுப் பதினெட்டைப் பார்த்து என்ன நினைப்பாள்? நன்றாகத் தூங்குகிறது, தண்ணீர் அடிக்கலாம் என்றுதானே நினைப்பாள்? இது எனக்கு அப்போதுதான் உறைத்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பாதி உண்மை. மீதிப் பாதியை நான் காலையிலேயே கண்டும் காணாமல் தள்ளி வைத்திருந்தேன்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, “ஏழுல தண்ணி அடிக்கிறாங்க, உள்ள வாயு இருக்கு, மூச்சுப்பெட்டி ஆளுங்களை அனுப்புங்க!” என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடினேன். ஓடி எத்தனை வருஷம் ஆகிறது! நூற்றைம்பது அடி தூரம்தான், போய்ச் சேரவே இல்லை.

மேற்குத் தொட்டிகள் பள்ளத்தில் நிற்கும். இரண்டு ஆள் ஆழம், இறங்க ஒரே ஒரு இரும்பு ஏணி. எட்டிப் பார்த்தேன். தொட்டியின் அடிக் கதவிலிருந்து தகரச் சரிவு வழியாக மணி கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் இடுப்புயரக் குவியல். மெதுவாண்ணன் குழாயைப் பிடித்து அதன் மேல் விசிறி விசிறித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். குவியலிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. நனைந்த மணி கொதித்த பாலைப்போல நொய்யென்று இரைந்தது. இரண்டு பேர் முகத்திலும் தூசிக்கான முகமூடி. பாப்பா சாக்கைப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்தவளைப்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குவதற்கு முகமூடியின் மேல் பழி போட்டிருப்பாள். மீட்டர் மேலே, ஏணிப் பக்கத்துக் கொக்கியில், தூசி படாமல் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகத் தொங்கியது.

“மேல வாங்க! ரெண்டு பேரும் மேல வாங்க!”

பாப்பாவுக்குக் கேட்டது. தோள் விறைத்ததைப் பார்த்தேன். ஆனால் திரும்பவில்லை. எட்டு மாதமாக என் குரலுக்கு அவள் திரும்பியதில்லை. சரிவின் மூடியைத் தள்ளி மணியை நிறுத்திவிட்டு, மெதுவாண்ணனிடம் சொன்னாள்: “என்னவாம்னு கேளுங்க.”

அவர் மேலே பார்த்தார். முகமூடிக்கு மேல் கண் சிவந்திருந்தது. “என்ன தங்கச்சி? சீட்டு வந்துடுச்சே, நல்லாத் தூங்குது.”

“தூங்கலண்ணே! அது தண்ணி இல்ல, வாயு! தண்ணியை நிறுத்துங்க!”

“மீட்டர் காலையிலயே பாத்தாச்சுன்னு சொல்லுங்க” என்றாள் பாப்பா. நாக்கு லேசாகக் குழறியது. “நாலு நாள்லயே குத்தம் கண்டுபுடிக்க வந்துட்டாங்க. எனக்கு வேலை தெரியும்னு சொல்லுங்க.”

அவர் சொன்னார். வார்த்தை மாறாமல் என்னைப் பார்த்து அப்படியே சொன்னார். தண்ணீரை நிறுத்தினார், அவ்வளவுதான். ஏணிக்கு வரவில்லை. வாயு என்று கேட்டும் ஏன் ஓடி வரவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். எனக்குத் தெரியும். எட்டு மாதமாக நாங்கள் எதைச் சொன்னாலும் அது சண்டையின் ஒரு பகுதி. உப்பு இல்லை என்றாலும் சண்டை, மழை வருகிறது என்றாலும் சண்டை. வாயு என்றதும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதோடு அந்த வாயு முதலில் தொடுவது புத்தியைத்தான். ஆள் நின்றுகொண்டிருப்பார், யோசனை படுத்துவிடும்.

பாப்பா மறுபடி சரிவு மூடியில் கை வைத்தாள். கால் ஒரு தரம் தள்ளாடியது. எனக்கு நேரம் இல்லை. இறங்கினால் நானும் சாவேன். கெஞ்சினால் அவள் வரமாட்டாள். அவளை ஏணி ஏறவைக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது என் வாயில் தயாராக இருந்தது.

“துணி காயப்போடத்தானேடி போனே? அஞ்சு நிமிஷம்? உங்கம்மாவைக் கொன்னது நீதான்டி! நீதான் கொன்னே!”

பள்ளம் முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது. பாப்பா திரும்பினாள். முகமூடியைப் பிய்த்து எறிந்தாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குவியலை மிதித்துக்கொண்டு வந்தாள், ஏணியைப் பிடித்தாள். நாலாவது படியில் வழுக்கித் தொங்கினாள். “கொலைகாரி!” என்றேன். ஏறினாள். “வாடி! ஏறி வாடி!” என்றேன். ஏறினாள். கை எட்டியதும் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மேலே வந்து விழுந்தாள், எழுந்தாள், என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். இன்னொன்று. காது இரைந்தது. அடிக்கட்டும். உயிரோடு இருக்கிறாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்.

அடியை வாங்கிக்கொண்டே அவள் தோளுக்கு மேல் எட்டிக் கத்தினேன். “அண்ணே! நீங்களும் வாங்க! சீக்கிரம் வாங்க!”

மெதுவாண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். ஒரு குடும்பத்தில் இப்படிப்பட்ட பேச்சு நடக்கும்போது வெளி ஆள் கேட்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. தொட்டியின் வளைவுக்குப் பின்னால் இன்னும் இரண்டடி உள்ளே தள்ளிப் போனார். அதுதான் பள்ளத்திலேயே தாழ்வான மூலை. நான் மறுபடி கத்தினேன். திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தி, நீங்கள் பேசி முடியுங்கள், எனக்கு அவசரமில்லை என்பதுபோல மெதுவாக ஆட்டினார்.

அந்தக் கை அப்படியே சுவரைத் தடவிக்கொண்டு கீழே இறங்கியது. அப்புறம் அவர் முதுகும்.

பாப்பா அப்போதுதான் பார்த்தாள். மேலே இருந்த நல்ல காற்றில் அவளுக்குப் புத்தி தெளிந்துவிட்டது. ஒரு நொடி குவியலைப் பார்த்தாள், கொக்கியில் தொங்கிய மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. ஏணியை நோக்கிப் பாய்ந்தாள். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன்.

“விடுங்க அண்ணி! அண்ணி, விடுங்க, அவரு கீழ இருக்காரு!”

எட்டு மாதம் கழித்து அண்ணி என்றாள். நான் விடவில்லை. அவள் எண்பது கிலோ, நான் ஐம்பத்தொன்று. எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியாது. தரையோடு தரையாக அவள் மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். அவள் என் கையைக் கடித்தாள், நான் விடவில்லை. சைரன் அடிக்க ஆரம்பித்தது. முதுகில் மூச்சுப்பெட்டி கட்டியவர்கள் வந்து இறங்கும்போது பதினொரு நிமிஷம் ஆகிவிட்டிருந்தது.

மருத்துவமனையில் பாப்பாவை ஒரு நாள் வைத்திருந்தார்கள். சாயங்காலம் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். என் வீட்டுக்காரர் வெளியே மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருந்தார்.

“நூத்திப் பதினெட்டுன்னு பாத்ததுமே உங்களுக்குத் தெரியும்” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

“தெரியும்.”

“நான் வந்து கேக்கணும்னு உக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கம்மாவைப் பத்திச் சொன்னது?”

“உன்னை மேல வரவைக்கத்தான் சொன்னேன் பாப்பா. வேற வழி தெரியல.”

“அது புரியுது. அவ்வளவு சீக்கிரம் எப்படி வாயில வந்துச்சு?”

போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மெதுவாண்ணன் செத்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, இரண்டே அறை, வாசலில் அவருடைய இன்னொரு ஜோடிக் காலணி. உள்ளே எனக்கு முன்னாலேயே பாப்பா வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மனைவி ஒல்லியான அம்மாள். அழுது முடித்த முகம். எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தன் வீட்டுக்காரரின் வேலையைப் பற்றி எங்களிடம் கேட்டார். குழாய் பிடிக்கும் வேலை என்று சொன்னாரே, அதில் இவ்வளவு ஆபத்து உண்டா என்று கேட்டார். நாங்கள் ஏதேதோ சொன்னோம்.

பிறகு அந்த அம்மாள் பாப்பாவைப் பார்த்து, “நீங்க மேல வந்துட்டீங்க. ரொம்ப சந்தோசம்மா, நெசமாத்தான் சொல்றேன். அவரு மட்டும் ஏன் வரல? ஏணி பக்கத்துலதான் இருந்துச்சுன்னு சொல்றாங்களே. கால் கீல் சிக்கிக்கிச்சா?” என்றார்.

பாப்பா என் பக்கம் திரும்பினாள்.

“சிக்கல” என்றேன் நான். “நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தோம். நடுவுல வரக் கூடாதுன்னு அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டாரு.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் புருவத்தைச் சுருக்கினார்.

“சண்டையா? உங்க ரெண்டு பேருக்குமா? என்ன சண்டை?”

கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த சண்டை. எட்டு மாதம் தினமும் எங்கள் வார்த்தைகளைச் சுமந்து நடந்த மனுஷன், வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பாப்பா முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு, மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.